திருநெல்வேலிச் சந்தியை அகலித்தால் நெரிசல் தீருமா?

வடலியடி:

காலை ஏழேகாலில் இருந்து எட்டரை வரைக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியைக் கடக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பலாலி வீதியால் நகரத்துக்குப் போகிறவர்கள், ஆடியபாதம் வீதியால் கல்வியங்காட்டுப் பக்கம் இருந்து கொக்குவிலுக்குப் போகிறவர்கள், சந்தைக்கு மரக்கறி இறக்குகிற பட்டா என்கிற சின்ன லொறிகள், கம்பஸ் பிள்ளைகளின் ஸ்கூட்டிகள், மருத்துவ பீடத்துக்குத் திரும்புகிறவர்கள், பள்ளிக்கூட வான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கை நுழைக்கின்றன. பொலிஸ்காரர் நின்று கை காட்டாத நாளில் யாருக்குத் துணிவு கூடவோ அவருக்குத்தான் வழி.

சந்தியை அகலிக்க வேண்டும் என்பது என் பக்கம். 2014 இல் யாழ்தேவி ரயில் திரும்பி வந்தது. 2019 இல் பலாலியில் இருந்து சர்வதேச விமானம் பறக்கத் தொடங்கியது. 2023 இல் காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்தில் இருந்து கப்பல் வந்தது. 2025 ஏப்ரலில் வசாவிளானுக்கு அங்காலே பலாலி வீதியைத் திறந்தார்கள். அதே வருடம் பெப்ரவரியில், 2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதியையும் திறந்துவிட்டார்கள். இதெல்லாம் வளர்ச்சிதான், சந்தோஷம். ஆனால் இவ்வளவு வாகனமும் வந்து சேருகிற சந்தியின் நாலு மூலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஐந்தடி, பத்தடி எடுத்தால் என்ன?

முகப்புக்கடை:

தம்பி, ஐந்தடி, பத்தடி என்று எழுதுவதற்கு இரண்டு சொல் போதும்.

அந்தச் சந்தியில் இருந்து கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருக்கிறவன் நான். கட்டடம் என்னுடையது அல்ல, வாடகை. முகப்பு 30 அடி. அதில் ஐந்தடி பின்னுக்குப் போனால் 150 சதுர அடி, எங்கள் கணக்கில் ஒரு குழிக்குச் சரி. பரப்புக்குப் பதினெட்டுக் குழி, அதில் ஒன்றுதானே என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் முன்தூண்கள் அந்த ஐந்தடிக்குள்தான் நிற்கின்றன. தூணை எடுத்தால் மேல் பிளாட், அதாவது கொங்கிறீற் தட்டு, நிற்காது. பிளாட் போனால் மேல்மாடிக்காரரும் போவார். காணி எடுக்கிறவரின் கடதாசியில் ஒரு குழி; எனக்குக் கடை முழுவதும்.

போருக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு வீதியை அகலித்தபோது மாமாவின் மதில் போனது. புது மதிலை அவர் தன் காசில்தான் கட்டினார். இழப்பீடு கேட்டு எழுதின கடிதங்களின் பிரதி இன்னும் பைலில் கிடக்கிறது. நீங்கள் வளர்ச்சி என்று எழுதும்போது எனக்கு அந்தப் பைல்தான் ஞாபகம் வருகிறது, குறை நினைக்க வேண்டாம்.

கம்பஸ்_பின்கேற்:

2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் அந்தச் சந்தி எவ்வளவு வடிவாக இருந்தது! எல்லோரும் சைக்கிள். ஒரு குழியும் எடுக்காமல் நெரிசல் தீர்ந்தது.

மதகு:

வீதி வேலைகளிலேயே காலம் போனவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வடலியடி சொல்வதில் நியாயம் இருக்கிற இடம். ஒரு வீதியின் நடுப்பகுதி எவ்வளவு வாகனத்தைத் தாங்கும் என்பதும் சந்தி எவ்வளவு தாங்கும் என்பதும் ஒன்றல்ல. தடை இல்லாமல் ஓட விட்டால் ஒரு வரிசையில் மணிக்கு 1800, 1900 கார் வரைக்கும் போகலாம். சந்தியில் அந்த நேரத்தைக் குறுக்காலே போகிறவர்களுடன் பங்கு போட வேண்டும். பங்கு போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைப்பது பாதிக்கும் குறைவு, ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடும்போதெல்லாம் சில வினாடிகள் வீணாகவும் போகும். அதனால் வீதி எவ்வளவு அகலமோ அதைவிடச் சந்தி வாயில் கூட அகலமாக இருக்க வேண்டும் என்பது சரியான பொறியியல்தான். எங்கள் ஊரில் நேர்மாறு. வீதி ஓரளவு விரிந்து வந்து, சந்திக்குக் கிட்டப் போகப் போகப் போத்தல் கழுத்து மாதிரி ஒடுங்குகிறது.

ஒடுக்குவது எது என்று பார்க்க வேண்டும். பாதி கட்டடம். மீதி, நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறவை. சந்தி வாயில் ஒரு மினிபஸ் ஆள் ஏற்ற நின்றால் இடப்பக்க வரிசை அந்த நேரம் முழுவதும் இல்லாமல் போகிறது. அதே நேரம் ஒரு ஹயஸ் வான் வலப்பக்கம் திரும்புவதற்காக நடுவில் காத்து நின்றால் மற்ற வரிசையும் இல்லை. நாலு மூலையிலும் பத்தடி இடித்து இன்னொரு வரிசை உண்டாக்கினாலும் அதில் அடுத்த நாளே யாராவது ஓட்டோவை நிறுத்துவார்.

என்னைக் கேட்டால், செலவைவிடப் பலன் கூடத் தருவது மூன்று விஷயம். வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு நடுவில் ஒரு தனி ஒதுக்கிடம்: மூன்று மீற்றர் அகலம், முப்பது நாற்பது மீற்றர் நீளம் இருந்தால் போதும், பின்னால் நேரே போகிற பஸ் நிற்காது. அடுத்தது, பஸ் தரிப்பிடங்களைச் சந்திக்கு முன்னால் வைக்காமல் சந்தியைக் கடந்த பிறகு வைப்பது. மூன்றாவது, சாமான் ஏற்றி இறக்குவதைக் காலை ஆறரைக்கு முன் முடிப்பது. காணி தேவைப்படுவது முதலாவதுக்கு மட்டும்தான், அதுவும் நாலு மூலையில் அல்ல.

இன்னொன்று. இந்தச் சந்தியை மட்டும் திறந்துவிட்டால், நகரத்துக்குப் போகிறவர்கள் ஒரே கூட்டமாகப் பரமேஸ்வராச் சந்தியில் போய் நிற்பார்கள்.

மிதிபலகை:

பஸ்காரரைத் திட்டாமல் ஒரு போக்குவரத்துக் கதையும் முடியாது என்று தெரியும், அதனால் காத்துக்கொண்டிருந்தேன்.

மதகு ஐயா சொல்வது சரி, தரிப்பிடம் சந்தியைக் கடந்த பிறகுதான் இருக்க வேண்டும். ஆனால் நாங்கள் ஏன் வாயிலில் நிற்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஆட்கள் அங்கேதான் நிற்கிறார்கள். சந்தையால் இரண்டு கையிலும் பையோடு வருகிற ஒருவர் அறுபது மீற்றர் தள்ளிப் போய் நிற்க மாட்டார். நான் மட்டும் ஒழுங்காகத் தள்ளிப் போய் நிறுத்தினால், எனக்குப் பின்னால் வருகிறவர் வாயிலில் நிறுத்தி அத்தனை ஆட்களையும் அள்ளிக்கொண்டு போவார். அடுத்த நாள் நானும் வாயிலில்தான் நிற்பேன். நேரம் பிந்தினால் அடுத்த இடத்தில் கணக்குச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

செய்வதென்றால் தனியார் பஸ், இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் என்று பார்க்காமல் ஒரே நாளில் எல்லோருக்கும் செய்யுங்கள். முதல் மூன்று மாதம் பொலிஸ் நிற்கட்டும். தரிப்பிடத்துக்குக் கூரை போடுங்கள், நிழல் இருந்தால் சனம் தானாக வரும். வீதியை விட்டு உள்ளே குடைந்து தரிப்பிடம் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: உள்ளே போன பஸ்ஸைத் திரும்ப வெளியே விட இந்த ஊரில் யாரும் பிரேக் அடிக்க மாட்டார்கள். அதனால்தான் கட்டின தரிப்பிடத்துக்குள் போகாமல் பாதியை வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

செவ்வந்தி:

இவ்வளவு நேரமும் எல்லோரும் சக்கரத்தில்தான் போகிறீர்கள். நடக்கிறவர் ஒருவரும் இல்லையா?

இரண்டு வரிசை வீதி ஏழு மீற்றர் என்றால் சாதாரணமாக நடக்கிற ஒருவர் ஆறு வினாடியில் கடப்பார். வரிசைகளைக் கூட்டிப் பதினாலு மீற்றர் ஆக்கினால் பன்னிரண்டு வினாடி. என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அவருக்கு இருபது. அந்த இருபது வினாடியும் ஸ்கூட்டிகள் முன்னாலும் பின்னாலும் சுழிக்கும். மூலைகளை வளைத்து வெட்டுவதும் அப்படித்தான். வளைவு பெரிதானால் பஸ் இலகுவாகத் திரும்பும், மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும். மஞ்சள் கடவையில் நிற்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அகலிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகலித்தால் நடுவில் நின்று மூச்சு விட ஒரு திட்டு வேண்டும், சரியான அகலத்தில் நடைபாதை வேண்டும். அந்த நடைபாதை கடைக்காரர் சாமான் அடுக்குவதற்கு அல்ல (முகப்புக்கடை அண்ணை, உங்களைச் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் சொல்கிறேன்).

முகப்புக்கடை:

விளங்கிவிட்டது தங்கச்சி. வாளிகளை உள்ளே எடுத்து வைக்கிறேன்.

ரொறன்ரோ_தம்பி:

வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவன் "இங்கே பாருங்கள், எப்படி வீதி" என்றுதான் தொடங்குவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் வேலைக்குப் போகிற 401 நெடுஞ்சாலை சில இடங்களில் பதினெட்டு வரிசை. பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் பதினெட்டும் நிற்கும். அகலித்தவுடன் இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கும், பிறகு அதை நம்பி இன்னும் கொஞ்சப் பேர் காரை எடுப்பார்கள். ஆகவே வீதியைப் பற்றி நான் புத்திமதி சொல்ல வரவில்லை.

எனக்கு வேறு சிக்கல். பலாலி வீதிக் கரையில் எங்களுக்கு ஒரு துண்டு இருக்கிறது. அம்மாவின் சீதனக் காணி. அம்மா இல்லை. நாங்கள் ஐந்து சகோதரங்கள், மூன்று நாட்டில் இருக்கிறோம், காணி இன்னும் பிரிக்கவில்லை. முன்பக்கத்தில் இரண்டு கடை, வாடகையை ஊரில் இருக்கிற சித்தப்பா வாங்கிக் கோயிலுக்குக் கொடுக்கிறார். நாளைக்கு வீதிக்கு எடுக்கிறோம் என்று அறிவித்தல் வந்தால் அது யாருக்கு வரும்? யார் கையெழுத்து வைப்பது?

உறுதிப்பெட்டி:

கையெழுத்துக்கு முன்னால் இன்னும் பல படி இருக்கிறது தம்பி.

அரசு பொதுத் தேவைக்குத் தனியார் காணியை எடுப்பது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ். முதலில் 2 ஆம் பிரிவு அறிவித்தலைக் காணியிலோ அதற்குப் பக்கத்திலோ ஒட்டுவார்கள், அதன் பின் அளவையாளர் உள்ளே வந்து பார்க்கலாம். 4 ஆம் பிரிவு அறிவித்தலில்தான் ஆட்சேபனை கேட்பார்கள். பலர் இந்தக் கட்டத்தைத் தூங்கித் தவறவிட்டு, புல்டோசர் வந்தபிறகு சட்டத்தரணியைத் தேடுகிறார்கள். பிறகு 7 ஆம் பிரிவு அறிவித்தல். உரித்துக் கோருகிறவர்கள் தங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுப்பது அதற்குத்தான். காணியின் சந்தைப் பெறுமதியையும் அந்த 7 ஆம் பிரிவு அறிவித்தல் வந்த நாளில் இருந்த விலையில்தான் பார்ப்பார்கள், காசு கைக்கு வரும் நாளின் விலையில் அல்ல. அதன் பிறகு விசாரணை, 17 ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டுத் தீர்மானம். அவசரம் என்று சொல்லி 38 ஆம் பிரிவின் காப்புவாசகத்தை (விதிவிலக்கை) பிடித்தால் இழப்பீட்டுக்கு முன்பே காணியைக் கைப்பற்றலாம். வீதி வேலையில் அதைத்தான் விரும்பிப் பயன்படுத்துவார்கள்.

பிரிக்காத காணி என்றால் ஐந்து பேருக்கும் உரித்து. ஊருக்கு வர முடியாதவர்கள் ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரம்) எழுதிக் கொடுத்து வையுங்கள், அறிவித்தல் வருவதற்கு முன்பே. அம்மாவின் உறுதி (காணிப் பத்திரம்), மரண அத்தாட்சி, உங்கள் பிறப்பு அத்தாட்சிகள் ஒரே பைலில் இருக்கட்டும். பங்காளிகளுக்குள் இழுபறி என்றால் விஷயம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும், தீரும்வரை காசு அசையாது. யாழ்ப்பாணத்தில் அகலிப்பு வேலைகள் இழுபடுவதற்குப் பாதிக் காரணம் பொறியியல் அல்ல, இப்படியான உறுதிகள்தான்.

முகப்புக்கடை அண்ணைக்கு: வாடகைக்காரருக்கு ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2001 ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, உறுதி இல்லாதவரையும் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்க்கிறது. வியாபாரம் பெயர்வதால் வரும் நட்டத்துக்கும் கோரலாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? வியாபாரப் பதிவும் வரிக் கடதாசியும் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள். வாய்ப்பேச்சு வாடகையை விசாரணையில் நிறுவுவது பெரிய பாடு.

முகப்புக்கடை:

வாடகை ஒப்பந்தம் 2017 இல் முடிந்தது. முதலாளியும் நானும் பிறகு கதைத்துத்தான் ஓடுகிறது. நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

வடலியடி:

எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் முதலில் பஸ்ஸைத் தள்ளு, லொறியை நிறுத்து, பிறகு பார்ப்போம் என்று முடிகிறது. எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. "முதலில் சின்ன வேலை" என்பது இந்த ஊரில் பெரிய வேலையைப் பத்து வருடம் தள்ளிப்போடுகிற பேச்சு. அந்தப் பத்து வருடத்தில் மூலைகளில் மூன்று மாடி, நாலு மாடி எழும்பிவிடும். இன்றைக்குத் தகரக் கொட்டில் நிற்கிற இடத்தில் எடுக்கத் தயங்கின ஒரு குழியை நாளைக்குக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்து யார் எடுப்பது? இப்போதே இடிக்காவிட்டாலும், வீதி நாளைக்கு எதுவரை வரும் என்கிற எல்லைக்கோட்டை இப்போதே வரையுங்கள். புதிதாகக் கட்டுகிறவர் அதற்குப் பின்னால் கட்டட்டும். அதற்கு ஒரு சதமும் இழப்பீடு தேவையில்லையே.

மதகு:

இதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். கோடு வரைவதுதான் மலிவான அகலிப்பு. கட்டட அனுமதி கொடுக்கிறவர்கள் அதைக் கடைப்பிடித்தால் இருபது வருடத்தில் பாதி மூலை தானாகப் பின்னுக்குப் போயிருக்கும். கோட்டுக்குள் தற்காலிகமாகக் கட்ட விடுவதென்றாலும், பிறகு இழப்பீடு கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவது வழக்கம்தான். கோடு வரைபடத்தில் இருக்கும், அனுமதிக் கடிதத்தில் இருக்காது என்பதுதான் எங்கள் வியாதி.

யார் செய்வது என்பதும் குழப்பம். பலாலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. சந்தை நல்லூர் பிரதேச சபையுடையது. பஸ் அனுமதி மாகாணத்தில். மின்கம்பம் மின்சாரக்காரருடையது, அதில் தொங்குகிற வயர் தொலைபேசிக்காரருடையது. சாமான் இறக்கும் நேரத்தை மாற்றுவதற்குப் பிரதேச சபையின் ஒரு தீர்மானம் போதும். கம்பத்தை நகர்த்துவதற்கு மதிப்பீடு, கட்டணம், காத்திருப்பு. அதனால்தான் அகலித்த வீதியின் நடுவில் கம்பம் நிற்கிற காட்சியை எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறோம். முதலில் கம்பம், பிறகு வாய்க்கால், கடைசியில் தார் என்று போகவேண்டிய ஒழுங்கு தலைகீழாகப் போகிறது.

வாய்க்கால் என்றவுடன் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. குடாநாடு தட்டையான நிலம், கீழே சுண்ணாம்புக்கல். மழைக்கு வழுக்கையாறு ஓடுவதைத் தவிர ஆறு என்று சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற தண்ணீர் நிலத்துக்குள் இறங்க வேண்டும், அல்லது வாய்க்காலால் குளத்துக்குப் போக வேண்டும். வீதிக் கரையில் இருந்த மண்ணைத் தார் மூடினால் இறங்குகிற இடம் போய்விட்டது. வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீற் பலகை போட்டுக் கடைப்படி கட்டினால் ஓடுகிற இடமும் போய்விட்டது. இதற்கு மேல், பழைய காபெற்றை (தார்ப் படையை) சுரண்டாமல் அதற்கு மேலேயே புதுக் காபெற் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் வீதி உயரும், கடையும் வீடும் பள்ளத்துக்குள் இறங்கும். சந்தியை அகலிக்கிற வரைபடத்தில் நான் முதலில் தேடுவது தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதை. அது இல்லாத வரைபடத்துக்குக் கூட்டத்தில் யாரும் கை தூக்க வேண்டாம்.

செவ்வந்தி:

மழை நாளில் அந்த மூலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

கம்பஸ்_பின்கேற்:

ஒரு விஷயம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றி வீதிகளை மூடுகிறார்கள். பஸ் வேறு வழியால் போகிறது, தரிப்பிடம் மாறுகிறது, வாகனம் விட இடம் குறிக்கிறார்கள், சனம் முணுமுணுத்துக்கொண்டே பழகிவிடுகிறது. ஒரு மதிலும் இடிக்கவில்லை. கந்தனுக்காகச் செய்ய முடிகிறதை ஒரு திங்கட்கிழமைக் காலைக்காகச் செய்ய முடியாதா?

மிதிபலகை:

கந்தனுக்குப் பயம் இருக்கிறது தம்பி. திங்கட்கிழமைக்கு யார் பயப்படுவது?

ஆனாலும் நீர் சொல்வது சரி. திருவிழாவில் நடப்பது ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் நிற்கிறது, எல்லோருக்கும் ஒரே சட்டம். நான் முன்னர் எழுதினதும் அதைத்தான்.

ரொறன்ரோ_தம்பி:

உறுதிப்பெட்டி ஐயா, நன்றி. அற்றோனித் தத்துவத்துக்கு அண்ணாவிடம் கதைத்துவிட்டேன். ஒரு தங்கச்சி மட்டும் "காணியை விற்கப் போகிறீர்களா" என்று அழத் தொடங்கிவிட்டாள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வடலியடி:

மதகு ஐயா, அந்த வலப்பக்க ஒதுக்கிடம் தேவையா இல்லையா என்று எப்படிக் காட்டுவது? நாங்கள் வாயால் சொன்னால் கூட்டத்தில் ஒருவரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

மதகு:

எண்ணிக் காட்டுங்கள். மழையும் விடுமுறையும் திருவிழாவும் இல்லாத ஒரு செவ்வாய் அல்லது புதன், காலை ஆறரையில் இருந்து ஒன்பது வரை. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், நாலு பக்கத்துக்கும் எட்டுப் பேர் இருந்தால் நல்லது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, நேரே, இடம், வலம் என்று பிரித்து எழுத வேண்டும். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் வான், பஸ், லொறி பட்டா, சைக்கிள் தனித்தனியாக. ஸ்கூட்டியையும் பஸ்ஸையும் ஒன்றாகக் கூட்டினால் அந்தக் கணக்கால் பயன் இல்லை, வீதியில் அவை எடுக்கிற இடம் வேறு. வலப்பக்கம் திரும்புகிறவர்கள் எந்தப் பக்கத்தில் கூட என்பது இரண்டரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். ஒதுக்கிடம் வேண்டியது அந்தப் பக்கத்தில்தான், அங்கே மட்டும் காணி கேட்டால் போதும்.

பஸ் வாயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் ஒருவர் கைக்கடிகாரம் பார்த்து எழுதட்டும்.

செவ்வந்தி:

நடந்து கடக்கிறவர்களை நான் எண்ணுகிறேன். தங்கச்சியையும் கூட்டி வருவேன்.

கம்பஸ்_பின்கேற்:

என் அறைக்காரர் மூன்று பேர் வருவார்கள். தேத்தண்ணி யார் செலவு?

முகப்புக்கடை:

தேத்தண்ணி என் கடையில். தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மிதிபலகை:

புதன்கிழமை எனக்கு ஓய்வு, வருகிறேன். பஸ் நிற்கிற நேரத்தை நானே எழுதித் தருகிறேன், குறைத்து எழுத மாட்டேன். நம்பர் பிளேட்டை மட்டும் ஒருவரும் எழுத வேண்டாம்.